மறந்துபோன போட்டோ

"உங்க ஆட்சேபனைய நிராகரிச்சு போன கிழமையே கடிதம் அனுப்பியாச்சே அண்ணே. வந்து சேரல்லியா?"

"வந்துச்சுங்க சார். வீட்டு வாசலுக்கே வந்துச்சு" என்றார் நல்லையா.

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தண்டம் விழுந்த ஆள் மாதிரி இல்லை, கழுத்தில் மாலை விழுந்த ஆள் மாதிரி இருந்தார். நகர சபை அலுவலகத்தில் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர் தாஸிம். அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார், சண்டைக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறார். நிராகரித்த பிறகு சிரித்துக்கொண்டு வந்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அப்ப தண்டத்தக் கட்ட வந்தீங்களா?"

"இல்லைங்க. ஆட்சேபனையத் தள்ளினா மேன்முறையீடு செய்யலாம்னு தண்டச் சீட்டுலயே கடைசி வரியில போட்டிருந்துச்சு. எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

தாஸிம் பெருமூச்சோடு கோப்பை எடுத்தார். நல்லையா பசறை ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆள். த்ரீவீல் ஓட்டுகிறார். தபால் கந்தோருக்கு முன்னால், வாகனம் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார் என்பது குற்றம்.

"போர்டுக்குக் கீழயே நிப்பாட்டியிருக்கீங்களே?"

"போர்டு தெரியல்லைங்க. தேர்த் திருவிழா பேனரக் கட்டி மூடியிருந்தாங்க. மக ஜெயந்தினியோட நர்ஸ் ட்ரெயினிங் விண்ணப்பத்தப் போஸ்ட் பண்ணத்தான் எறங்கினேன். அஞ்சே நிமிஷம்."

"நர்சுக்கா? நல்ல விசயம்."

"போன வருசமும் போட்டா சார். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி வந்த கடிதம் எங்க தோட்டத்து ஆபீஸ் அலமாரியில கெடந்துருச்சு. பரீட்சை முடிஞ்சு ஆறு நாள் கழிச்சுத்தான் கையில கெடச்சுச்சு. புள்ள ஒரு கிழமை சரியாச் சாப்பிடல்ல. இந்த வருசத்த விட்டா வயசு தாண்டிரும்."

தாஸிமுக்கு மனசு கொஞ்சம் இளகியது. அவருக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் கோப்புக்கு மனசு கிடையாது.

"பாவந்தான் அண்ணே. ஆனா பேனர் மறைச்சதுக்கு ஒரு அத்தாட்சி வேணுமே. ஒண்ணும் இல்லாமத்தானே மொதல்ல தள்ளினாங்க."

"இருக்குங்களே" என்று நல்லையா போனை எடுத்து நீட்டினார்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. த்ரீவீல், அதன் முன் கண்ணாடியில் செருகிய தண்டச் சீட்டு, மேலே போர்டை முழுசாக மூடிக்கொண்டு ஆடும் பேனர். தேதி, நேரம் எல்லாம் மூலையில் பளிச்சென்று விழுந்திருந்தது.

"என்னண்ணே நீங்க, இத மொதக் கடிதத்தோட வச்சிருந்தா அன்னைக்கே உங்க பக்கம் முடிஞ்சிருக்குமே!"

"மறந்துட்டேன் சார்" என்ற நல்லையா, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

இப்படியும் ஒரு மறதியா என்று தலையில் அடித்துக்கொண்டு, போனோடு உள்ளறைக்குப் போனார் தாஸிம். கால் மணி நேரத்தில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த தாளோடு திரும்பினார்.

"அண்ணே, தண்டம் ரத்து. பெரிய மேடம் படத்தப் பார்த்துட்டுச் சிரிச்சிட்டாங்க. இந்தாங்க, கையோட கொண்டு போங்க."

நல்லையாவின் சிரிப்பு அப்போதுதான் மறைந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையில வேணாங்க சார். அன்னைக்கு மாதிரியே பதிவுத் தபால்ல அனுப்பிருங்க."

"ஜெயிச்ச கடிதத்த வாங்க மாட்டேங்கிறீங்களே, உங்களுக்கு என்ன வந்திச்சு?"

"லயத்து வரிசை வீட்ட விட்டு தனி வீட்டுக்கு வந்து எட்டு மாசமாச்சுங்க. செவுத்துல பெருசா நம்பர் எழுதியிருக்கோம். ஆனா அந்த நம்பருக்கு ஒரு கடிதம் வந்தது கெடையாது. லயத்துப் பழக்கத்துல எல்லாக் கடிதத்தையும் இன்னும் தோட்டத்து ஆபீஸ்லயேதான் போட்டுட்டுப் போறாங்க. சொல்லிப் பார்த்தேன், தபால்காரருக்கு மேட்டுல வீடு எங்க இருக்குன்னே தெரியல்ல."

"சரி, அதுக்கு?"

"உங்க சபைக் கடிதமெல்லாம் பதிவுத் தபாலு. கையெழுத்து வாங்காமக் குடுக்க முடியாதில்லையா? நாலு பேருகிட்ட வழி கேட்டு, மூச்சு வாங்க மேட்டுல ஏறி, மொத மொதலா எங்க வாசல்ல வந்து நின்னாரு. வீட்டுக்காரி தேத்தண்ணி போட்டுக் குடுத்தா. ஆனா ஒருக்கா வந்த வழி மறந்துரும் சார். ரெண்டாவது தரமும் ஏறி வந்துட்டாருன்னா கால் பழகிரும். மகளோட கடிதம் அடுத்த மாசம் வருதுங்க."

தாஸிம் பெரிய உறை ஒன்றை எடுத்துத் தாளை உள்ளே வைத்தார். நல்லையா சொல்லச் சொல்ல, வீட்டு நம்பரை மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதினார். பதிவுத் தபால் கட்டில் அதை மேலாக வைத்த பிறகுதான் அவருக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது.

"அப்ப அந்த போட்டோ? நீங்க மறக்கல்லியா?"

"மறப்பேனா சார்? அத மொதல்லயே குடுத்திருந்தா, ஒரே கடிதத்தோட கேஸ் முடிஞ்சிருக்குமே."