எந்தச் சரிவு?

"பதினொன்னு எங்கேய்யா சரிஞ்சிருக்கு? சந்தை நேத்து ஏறித்தானே முடிஞ்சுது?"

ஆசிரியர் பேப்பரை மேஜைமேல் வீசினார். அது வணிகப் பக்கம் திறந்தபடியே விழுந்தது.

அந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் உதவி ஆசிரியர் குனிந்து படித்தார். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ.

'சரிவு தீவிரம். ஒரே வாரத்தில் பதினொன்று. அடித்தளம் பலவீனமாக உள்ளது. இனியும் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. உடனே வெளியேறுவதே நல்லது: நிபுணர்கள்.'

"இது நான் எழுதினதில்லை சார்."

"பின்னே? பேய் வந்து எழுதிட்டுப் போச்சா?"

"பக்கம் போட்டது கத்தரி சார்."

சொன்ன பிறகுதான், இத்தனை அவசரமாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

கத்தரி வந்து நின்றார். பக்க வடிவமைப்பாளர். எவ்வளவு நீளச் செய்தியையும் கொடுத்த இடத்துக்குள் வெட்டி அடக்கிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம்.

"இது எங்கேருந்து வந்த செய்தி?"

"நிலவியல் அலுவலகத்துலேருந்து சார். நேத்து மத்தியானம் வந்துச்சே. குன்றுக்குப் பின்னாடி நாற்பது வீடு இருக்குல்ல, அதுக்கு மேல மண்ணு வாரத்துக்குப் பதினொரு அங்குலம் நகருதாம்."

"அதைப் போட வேணாம்னு மூணு மணிக்கே சொன்னேனே!"

"முதல் பக்கத்துல வேணாம்னு சொன்னீங்க."

"எந்தப் பக்கத்துலயும் வேணாம்னு அர்த்தம்யா!"

"தலைப்புல சரிவுன்னு இருந்துச்சு. சரிவுன்னா எப்பவும் இவர் பக்கத்துலதானே சார் வரும்?"

"குன்றுங்கிற வார்த்தை எங்கே? அங்குலம் எங்கே?"

"இடம் பத்தலை சார். கொஞ்சம் வெட்டினேன்."

குன்றின்மேல் மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தவர் பத்திரிகை முதலாளி. அவர் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் ஆசிரியர். இந்த விஷயத்தில் முதலாளி எள் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படி ஒரு செய்தி வந்ததே அவருக்குத் தெரியாது.

நிலவியல் அலுவலகத்திலிருந்து காலையில் ஒரு பெண் கூப்பிட்டாள். எடுத்தது உதவி ஆசிரியர்தான். "அந்த நாற்பது வீட்டுக்காரங்ககிட்டயும் நேர்ல போய்ச் சொல்லிட்டோம் சார். அப்படின்னா பேப்பர்ல வந்திருக்குமேன்னு திருப்பிக் கேக்குறாங்க. அடுத்த மழைக்குத் தாங்காது சார்."

"பாக்குறேம்மா" என்று சொல்லி போனை வைத்தார். பிறகு ஒன்றும் பார்க்கவில்லை.

உள்ளூர்க்காரர்கள் பலர் கையில் இருந்தவை முதலாளியின் நிறுவனப் பங்குகள். காலை ஒன்பது மணியிலிருந்து அவர்கள் எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வெளியேற வேண்டியவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜையில் போன் அடித்தது. முதலாளி. ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை.

"யாரைக் கேட்டுய்யா போட்டீங்க? என் பங்கை வந்த விலைக்கு வித்துத் தள்ளுறானுங்க!"

"அது பங்குச் சரிவு இல்லை சார். வேற சரிவு."

"வேற சரிவுன்னா அதைச் சொல்லித் தொலை! இன்னைக்கு மாலைப் பதிப்பு, முதல் பக்கம், மேலேயே பெட்டி கட்டிப் போடு. எது சரியுது, எங்கே சரியுதுன்னு புட்டுப் புட்டு வை. பச்சைக் குழந்தைக்கும் புரியணும்."

"சார், அதுல ஒரு சின்ன விஷயம். அந்தக் குன்றுமேல நம்ம..."

"குன்றாவது குட்டையாவது! போடுய்யா!"

போன் அடங்கிய பிறகும் ஆசிரியர் அதைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு கத்தரியைப் பார்த்தார்.

"கேட்டுச்சுல்ல? பெட்டியைப் போடு. போட்டுட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பு. நாளைக்கு வர வேண்டாம்."

"சரிங்க சார்."

உதவி ஆசிரியர் வாயைத் திறந்தார். "இன்னும் எட்டு மாசம்தான் சார் அவருக்கு..."

"அப்போ தப்பு யாருதுன்னு மேலே நான் சொல்றது? உன்னுதுன்னா?"

உதவி ஆசிரியர் கத்தரியோடு வெளியே வந்தார்.

இருவரும் கத்தரியின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"என்ன கத்தரி, இத்தனை வருஷம் வெட்டின கைதானே? எந்தச் சரிவுன்னுகூடவா தெரியாம வெட்டுவீங்க?"

"வயசாகுது இல்லையா."

"சரி, நான் சொல்லச் சொல்ல அடிங்க."

கத்தரி எதையும் அடிக்கவில்லை. ஒரு ஃபைலைத் திறந்தார். கறுப்புக் கட்டத்துக்குள் பெட்டிச் செய்தி தயாராக இருந்தது.

'வருந்துகிறோம். காலைப் பதிப்பின் வணிகப் பக்கத்தில் வெளியான சரிவு, பங்குச் சந்தையைப் பற்றியது அல்ல. குன்றின் பின்புறம் உள்ள நாற்பது வீடுகளுக்கு மேலே மண் வாரத்துக்குப் பதினொரு அங்குலம் சரிந்துவருகிறது. அடுத்த மழைக்குத் தாங்காது. அங்கு வசிப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என நிலவியல் அலுவலகம் எச்சரிக்கிறது. நெருக்கடி கருதி, கீழ்த்தெருப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.'

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உதவி ஆசிரியர் மேலிருந்து கீழே படித்தார். அச்சுக்கு அனுப்பும் முன் ஃபைலின் விவரத்தைப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தார். திரும்பி ஆசிரியர் அறைக் கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, இது நேத்து சாயங்காலம் நாலு பத்துக்கே அடிச்சதுன்னு காட்டுது. அந்தத் தப்பு அச்சுக்குப் போனதே ராத்திரி எட்டு மணிக்குத்தான். முதல்ல தேதியை மாத்துங்க."