பக்கத்துக் கட்டில் பிள்ளை

தன் பூர்வீகம் எதுவென்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் அருள்செல்வி எச்சிலைக் குப்பியில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவோடு ஓர் அண்ணனும் வந்து சேர்ந்தான். நார்வேயில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவன், பெயர் லார்ஸ். பெற்றவளைத் தேடி அவனும் அதே நிறுவனத்துக்கு எச்சில் அனுப்பியிருந்தான்.

அம்மா செபஸ்தியம்மாள் எதையும் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளை அது. செத்துப் பிறந்ததாகச் சொல்லி, அவளுடைய அப்பா அவளை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டார். கல்லறைத் திருநாள்தோறும் அந்த அப்பாவின் கல்லறையில் அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கூடுதலாக ஏற்றுவது யாருக்காக என்று செல்விக்கு இப்போதுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செல்வி அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனை வீடியோவில் அழைத்தாள். திரையில் நரைத்த தாடியும் அம்மாவின் அதே நெற்றியுமாக ஒருவன். அவனும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் ஆங்கிலத்தில் மெல்ல ஏதோ கேட்டான்.

"வேண்டாம்னுதான் என்னைக் கொடுத்தீங்களான்னு கேக்காரும்மா."

அம்மா திரையில் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"அன்னைக்கு அவன் அழுதது எனக்குக் கேட்டுச்சுன்னு சொல்லு. பக்கத்துக் கட்டில் பிள்ளை அழுவுதுன்னு எங்கப்பா சொன்னாரு. நானும் நம்பிட்டேன்னு சொல்லு."

செல்வி வாயைத் திறந்தாள். அவன் அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தபடி காத்திருந்தான்.