வாய் திறக்காத பரீட்சை

“நடுவுல ஒரு வார்த்தை பேசினாலும் நீங்க தோத்தீங்க, முருகையன். எழுதின பேப்பர் கட்டை உங்க கையிலயே குடுத்துட்டு நான் வேலூர் பஸ் ஏறிடுவேன்” என்றார் பதிப்பாளர் தசரதன்.

“நான் எதுக்கு சார் பேசணும்? என் புஸ்தகம் பேசும்.”

முருகையனுக்குத் தன் எழுத்தின் மேல் சந்தேகமே வராது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வேலையை விட்டுவிட்டுத் தமிழில் கம்ப்யூட்டர் கைடு எழுத உட்கார்ந்தபோது தெருவே சிரித்தது. 1987-ல் திருவண்ணாமலையில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே கம்மி. அவரிடம் இருந்ததும், ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய பெட்டிதான்.

முதல் இரண்டு கைடுகளும் ‘புரியவில்லை’ என்று கடைகளிலிருந்து திரும்பி வந்துவிட்டன. ஒரு வாசகர் ஆயுத பூஜைக்கு ஃபிளாப்பியின் மேல் சந்தனம் தடவிவிட்டு, ‘நீங்கள் தடவக் கூடாதென்று எழுதவே இல்லையே’ என்று சண்டைக்கு வந்தார். மூன்றாவதும் சறுக்கினால் மறுபடி இன்ஸ்டிடியூட் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அதனால்தான் இந்தப் பரீட்சை. கம்ப்யூட்டரே தெரியாத ஒருவர், முதல் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை இயக்க வேண்டும். ஆளைப் பிடிப்பது தசரதன்.

“பின் அட்டையில என் போட்டோ வரணும் சார். ஸ்டூடியோவுல எடுத்தே வெச்சிட்டேன்.”

“கைடு புஸ்தகத்துக்கு எழுதினவர் மூஞ்சி எதுக்குய்யா? முதல்ல இது தேறட்டும்” என்ற தசரதன் மாடி ஜன்னல் வழியே செங்கம் ரோட்டை எட்டிப் பார்த்தார். “ஏம்மா, வளையல்! மேல வா!”

கூடையோடு கன்னியம்மாள் ஏறி வந்தாள். அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் பெண்களின் கைகளுக்கெல்லாம் வளையல் மாட்டி விடுபவள்.

“கம்ப்யூட்டர் பாத்திருக்கியாம்மா?”

“இன்னா சார் அது? பாத்ததே இல்லீங்களே.”

“இந்தப் பாடத்தை வெச்சிக்கினு அந்தப் பெட்டியை ஓட்டிக் காட்டணும். என் பொண்ணுக்கு ரெண்டு டஜன் வளையல் உன்கிட்டதான் வாங்கப் போறேன்.”

“ஐயய்யோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே சார்!”

“அதுதாம்மா வேணும்!” என்று குதித்தார் முருகையன். அதோடு வாயை மூடிக்கொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு நேரெதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கன்னியம்மாள் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து முருகையனைப் பார்த்தாள். இதை எழுதிய மகான் இவர்தானா என்று வியக்கிறாள் போலிருக்கிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

மேஜை மேல் இருந்த ஃபிளாப்பியை எடுத்தாள். தலைகீழாகப் பிடித்துத் துவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். முருகையன் பல்லைக் கடித்துக்கொண்டார். நல்லவேளை, சட்டென்று நிறுத்தினாள். திருப்பிப் பிடித்துச் சரியாகச் செருகினாள். பிறகு, பெட்டிக்குத் திரையாக இணைத்திருந்த டி.வி.யின் சுவிட்ச். பிறகு பெட்டியின் சுவிட்ச்.

இனி ஃபிளாப்பியில் இருக்கும் படத்தை வரவழைக்க ஆர், யு, என் என்று மூன்று எழுத்துகளைத் தட்ட வேண்டும். அவள் விரல் விசைகளுக்கு மேலே வண்டு மாதிரி சுற்றியது. ஒரு இடத்தில் நின்றது. தட்டியது. மறுபடி சுற்றியது. மூன்றும் சரி! கடைசியாக, ஓரத்தில் இருந்த பெரிய விசையையும் அழுத்தினாள்.

திரையில் கோடு கோடாக ஒரு மலை எழுந்தது. உச்சியில் தீபம் எரிந்தது.

“அண்ணாமலையானுக்கு அரோகரா!” என்று கன்னியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தசரதன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஒரு கேள்வி கூடக் கேக்கலியே! யோவ், நீர் கெட்டிக்காரர்யா! நாளைக்கே அச்சுக்குப் போவுது. அடுத்த மூணு கைடும் நீங்கதான் எழுதறீங்க. போட்டோ மட்டும் கிடையாது, சொல்லிட்டேன்!”

வளையல் பொட்டலத்தையும் கையெழுத்துப் பிரதியையும் பைக்குள் திணித்துக்கொண்டு அவர் பஸ்ஸுக்கு ஓடினார்.

முருகையனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஊர் சிரித்ததெல்லாம் போதும், இனி இவருடைய நேரம்.

“என் வயித்துல பால வார்த்தேம்மா. பாடத்துல எந்த எடம் ரொம்ப சுலுவா இருந்திச்சு, சொல்லு.”

“பாடமா?” கன்னியம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே சார். வளையல் மாட்டறப்ப நாங்க கையைப் பாக்கமாட்டோம், மூஞ்சியத்தான் பாப்போம். வலிச்சா சுருங்கிடும். என் வெரல் தப்பான எடத்துக்குப் போனா உங்க மூஞ்சியும் அப்படித்தான் சுருங்கிச்சு. சரியான எடத்துக்குப் போனா மலர்ந்திச்சு.”

படி வரைக்கும் போனவள் திரும்பி, அக்கறையோடு சொன்னாள்:

“அந்த சார் கிட்ட சொல்லி உங்க போட்டோவ எப்படியாவது போட்டுடுங்க சார். அது இல்லாம இந்தப் பெட்டிய யாராலயும் ஓட்ட முடியாது.”