சிவப்புக் கோடு போட்ட பெட்டி

"ஓவர்கிளாக் பண்ணீங்களா மேடம்?" என்று சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்த டேவிட்ராஜ் கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. கிராபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை என்று வந்தவள் நான். நாளை கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ பாதியில் நிற்கிறது. விசிறி நின்றதற்கும், கம்பெனி வைத்ததற்கு மேல் கார்டின் வேகத்தை ஏற்றியதற்கும் என்ன சம்பந்தம்? பத்துப் பத்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஓடவிட்டு, சூட்டைக் குறித்துக்கொண்டு, ஐம்பதோடு நிறுத்தியிருந்தேன். எழுபத்து நான்கு டிகிரியை அது தாண்டியதே இல்லை.

"வாரன்ட்டி போச்சு மேடம்."

அவர் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில், அதே கார்டு. பெட்டியில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு. 'ஐம்பது மெகாஹெர்ட்ஸ் கூடுதல்' என்ற பெருமை வேறு.

"அதுவும் ஏத்துனதுதானே?"

"அது கம்பெனி ஏத்துனது. சேஃப்."

"கொஞ்சம் வெளியில எடுங்க."

எடுத்து, வீட்டிலேயே துடைத்துக் கொண்டுவந்திருந்த என் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே நீளம், அதே திருகுகள், அதே விசிறிகள். "எங்க வித்தியாசம், காட்டுங்க" என்றேன். கைக்கொன்றாக எடுத்துப் புரட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், கை மாற்றி மறுபடி புரட்டினார். பிறகு இரண்டையும் மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இதுல உங்களுது எது?"

இன்னொரு தடவை என்னிடம் உண்மை கேட்கிறார். கையைக் கட்டிக்கொண்டேன்.

"நீங்களே சொல்லுங்க."