மறுமுனை

குகைக்குள் கால் ஊன்றியதும் இவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

மேலே பாறை விளிம்பில் போலீஸ்காரர்கள். கீழே பள்ளத்தாக்கு. நடுவில் இந்தக் குகை, பழைய தேனடைகளின் கறுத்த தழும்புகளோடு.

வௌவால் எச்சத்தின் நெடி. டார்ச்சை அடிக்கவில்லை. அடித்தால் உள்ளே இருப்பவன் மிரண்டுவிடுவான்.

"மாப்ளே."

மூச்சு மட்டும் கேட்டது.

நஞ்சன் பாறை மடிப்பில் ஒடுங்கியிருந்தான். மழைக்காலத்திலிருந்தே அவன் சரியில்லை. காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்பான். போன வாரம் அரிவாளைத் திருப்பிப் பிடித்து மாதியின் தலையில் அடித்துவிட்டு மலையேறிவிட்டான்.

மாதி அவன் மனைவி. இவனுக்குத் தங்கை.

நேற்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அதை மட்டும் சொல்லிவிடாதே, குதித்துவிடுவான் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

அவளைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பொய் வைத்திருந்தான்.

நஞ்சன் அவளைப் பற்றிக் கேட்கவில்லை.

"உன்னைய போலீஸா எறக்கி விட்டானுங்க? பீடியக்கூட ஒழுங்காப் பிடிக்க மாட்டானுங்களே."

சிரிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு குரல் இறங்கியது.

"என் கயித்த யாரு பிடிப்பா, மச்சான்?"

தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். பெற்ற தகப்பன் கேட்டாலும் கொடுப்பதில்லை. எந்த அண்ணனும் தங்கையை விதவையாக்க மாட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து நஞ்சனின் கயிறு இவன் கையில்தான்.

கொண்டுவந்த பொய் இந்தக் கேள்விக்கு உதவவில்லை.

"நாந்தான்," என்றான்.

இருட்டுக்குள் நஞ்சன் அழத் தொடங்கினான். மாதி, மாதி என்று அவள் பெயரை மட்டும் சொல்லிச் சொல்லி அழுதான்.

நஞ்சன் வரச் சம்மதித்ததும் இவனை முதலில் மேலே இழுத்தார்கள்.

கயிறு மறுபடி கீழே போனது. பிடிக்க வந்த கான்ஸ்டபிளை விலக்கிவிட்டு இவன் விளிம்பில் குதிகாலைப் பதித்தான். வழக்கம்போல் கயிற்றைச் சுண்டினான்.

கட்டிக்கொண்டாயிற்று என்று கீழிருந்து நஞ்சனும் அதேபோல் சுண்டினான்.

"பின்னாடி மரத்துல கயித்த ஒரு சுத்து சுத்திக்கய்யா," என்றார் இன்ஸ்பெக்டர்.

இவன் திரும்பவில்லை.

"யோவ், உன்னத்தான்."

கயிறு விறைத்தது.

நஞ்சன் பாறையிலிருந்து காலை எடுத்து, முழு எடையையும் கயிற்றில் விட்டான்.