அம்மாவாக வந்தவள்

"இன்னொரு தடவை கேளுங்கம்மா. கடைசி வரிசைக்குக் கேக்கல" என்றாள் மரிபெல்.

மேடையில் நின்ற பெண் மைக்கை நெருங்கி மறுபடியும் கேட்டாள். "எம்பொண்ணு பொழைப்பாளா, டாக்டர்? ரெண்டு கிட்னியும் போச்சுங்கறாங்க. உங்க புது மருந்துல அவளைச் சேத்துக்குவீங்களா?"

சேபு நகரத்து ஓட்டல் அரங்கில் நாற்பது டாக்டர்கள் இருந்தார்கள். புதிய சிறுநீரக மருந்தைத் தங்கள் ஆஸ்பத்திரிகளில் பரிசோதிக்கப் போகிறவர்கள். நோயாளி வீட்டாரிடம் விளக்கமாகப் பேசிச் சம்மதம் வாங்குவது எப்படி என்று அன்று ஒத்திகை.

கூட்ட ஏற்பாடு முழுவதும் மரிபெலின் பொறுப்பு. தாயாக நடிக்க நாடகக் குழு ஒன்றில் ஆள் கேட்டிருந்தாள். வாசலில் தயங்கி நின்ற பெண்ணிடம் "அம்மா நீங்கதானே?" என்று கேட்க, "ஆமா, நான்தான் அம்மா" என்று பதில் வர, கையோடு மேடைக்கு அழைத்து வந்துவிட்டாள்.

"கதையில பையன்னுதானே எழுதியிருந்தேன்?" என்று பயிற்சியாளர் டெல்ஃபின் முணுமுணுத்தார்.

"பொண்ணுன்னா இன்னும் உருக்கமா இருக்கு. விடுங்க சார்."

மேடையில் அவளுக்கு எதிரே ஒத்திகைக்கு நின்ற டாக்டர் விலாமோர் அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்க. குணமாயிடும்."

"தப்பு டாக்டர்" என்று டெல்ஃபின் குறுக்கிட்டார். "குணமாகும்னு வாக்குக் குடுக்கக் கூடாது. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரைதான்னு சொல்லணும். சொல்லுங்க."

விலாமோர் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப் போயிற்று.

"எம்பொண்ணு எந்தப் பாதியில, டாக்டர்?"

"அது எனக்கே தெரியாதும்மா."

"மாட்டினாருய்யா விலாமோர்" என்றார் முன்வரிசையிலிருந்த டாக்டர் ஒருவர். அரங்கம் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. விலாமோர் நீட்டிய சம்மதப் படிவத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள். டாக்டர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். விலாமோரும் தட்டினார்.

கூட்டம் சாப்பாட்டு மேசைகளுக்குக் கலைந்தது. அவள் மட்டும் படிவத்தோடு அங்கேயே நின்றாள். அவளை யாரும் சாப்பிட அழைக்கவில்லை. அது மரிபெலை உறுத்தியது. தனக்கென்று கட்டி வந்திருந்த, ஓலையில் பொதிந்து வேகவைத்த சோற்றையும் வறுத்த மீனையும் கொண்டுபோய் அவள் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்கக்கா. எத்தனை வருஷமா நடிக்கிறீங்க? எனக்கே அழுகை வந்துடுச்சு."

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பையில் பத்திரப்படுத்தினாள்.

"இது அவளுக்கு ஆகட்டும்மா. விலாமோர் டாக்டர் இங்க இருக்காருன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க, எதிர் சர்ச் பெஞ்சுல அவளைப் படுக்க வச்சுட்டு வந்தேன்" என்றாள். "கையெழுத்துதான் போட்டாச்சே, இப்பத் தூக்கிட்டு வரட்டுமா?"