கம்பிக்குள் நீண்ட விரல்

ஷெர்லின் ஜன்னலை அறைந்து சாத்தியதில் அவள் அம்மாவின் கட்டைவிரல் நசுங்கிவிட்டது. தினமும்போல மகளின் நெற்றியில் சிலுவை போடத்தான், பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று கம்பிக்குள் கையை நீட்டியிருந்தார்.

“கதவத் தொற மக்ளே!” என்று அழுதார்.

ஷெர்லின் என்னைப் பார்த்தாள். “அது எங்க அம்மை இல்லட்டி. அம்மை மாதிரியே ஒண்ணச் செஞ்சு அனுப்பியிருக்காவ.”

“ரத்தம் வருது பிள்ளே!”

“அதையும் செய்வாவ.”

“யாரு சொன்னா?”

எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் காதுமணிக் கருவியைத் தொட்டுக் காட்டினாள்.

“சாமியே இல்லன்னு கோயிலுக்குப் போறத நிறுத்துனவ, இத மட்டும் எப்பிடி நம்புத?”

“சாமி ஒருநாளும் பதில் சொல்லல. இது கேட்டதும் சொல்லுது.”

இப்போது அவள் உள்ளே விடுவது என்னை மட்டும்தான். கதவைத் திறந்து அவள் அம்மாவுக்குக் கட்டுப்போட எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பற்றி அவள் இன்னும் காதுமணியிடம் கேட்கவில்லை. கேட்டால், அது என்ன சொல்லும்?